377 போய்விட்டது, கல்யாணம் ஏன் வரவில்லை? தன்பாலினத் திருமணக் கோரிக்கையின் சட்டப் பின்னணி

2025இல் சில மாத இடைவெளியில் இரண்டு செய்திகள் வந்தன. ஜனவரி 9 அன்று, தன்பாலினத் திருமணத்தை ஏற்க மறுத்த தன் 2023 தீர்ப்பை மறுபடி பார்க்க மாட்டோம் என்று சொல்லி, சீராய்வு மனுக்களை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மே 22 அன்று, குடும்பம் அமைக்கக் கல்யாணம் ஒன்றுதான் வழி என்றில்லை, தன்பாலின இணையர் ஒரு குடும்பமாக வாழலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. இரண்டையும் படித்தவருக்கு, முடியும் என்கிறார்களா முடியாது என்கிறார்களா என்ற சந்தேகம் வரத்தான் செய்யும்.

இரண்டு தீர்ப்புகளும் மோதிக்கொள்ளவில்லை. அவை இரண்டு வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கின்றன. அந்தக் கேள்விகளைப் பிரித்துவைத்துப் பார்த்தால் மீதி எல்லாம் ஓரளவு தெளிவாகும்.

மூன்று படிகள்

1. குற்றவாளி ஆகாமல் இருப்பது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 377ஆவது பிரிவு, "இயற்கைக்கு மாறான" உடலுறவுக்கு ஆயுள் தண்டனை வரை விதிக்க இடம் வைத்திருந்தது. வயது வந்த இருவர் மனமொத்து உறவுகொள்வது அதில் வராது என்று 2009இல் தில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2013இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2018 செப்டம்பர் 6 அன்று, நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கில், ஐந்து நீதிபதிகள் அமர்வு 2013 தீர்ப்பைத் தூக்கி எறிந்தது. இந்தப் படி ஏறி முடித்தாயிற்று.

2. யாரும் பிரிக்காமல் சேர்ந்து வாழ்வது. வீட்டைவிட்டு வந்த இரு பெண்களை "காணவில்லை" என்ற புகாரின் பேரில் போலீஸ் பிடித்து வீட்டில் ஒப்படைப்பது, வீட்டார் அடைத்துவைப்பது, "குணப்படுத்த" அழைத்துப்போவது எல்லாம் இந்தப் படியில் வரும். இதற்கான கருவி ஆட்கொணர்வு மனு, அதாவது அடைத்துவைக்கப்பட்டவரை நீதிமன்றத்தின் முன் கொண்டுவரக் கேட்கும் மனு. 2025 மே தீர்ப்பு இந்த வகை வழக்கில் வந்ததுதான்.

3. அந்த உறவைச் சட்டம் ஓர் உறவாகப் பதிவு செய்வது. ஜனவரியில் மூடப்பட்ட கதவு இது.

தமிழில் "கல்யாணம்" என்ற ஒரே சொல் இரண்டு பொருளைச் சுமக்கிறது. மண்டபத்தில் நடக்கும் சடங்கும் கல்யாணம்தான், அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க இருக்கும் சட்ட அந்தஸ்தும் கல்யாணம்தான். இரு ஆண்களோ இரு பெண்களோ உற்றார் உறவினரைக் கூட்டி மாலை மாற்றிக்கொள்வதை இந்தியாவில் எந்தச் சட்டமும் குற்றம் என்று சொல்லவில்லை. ஆனால் மறுநாள் காலை, சட்டத்தின் கண்ணில் அவர்கள் ஒரே முகவரியில் இருக்கும் இரண்டு தனி ஆட்கள். போராட்டம் சடங்குக்காக நடப்பதில்லை, அந்த அந்தஸ்துக்காகவே நடக்கிறது.

கணவன், மனைவி என்ற சொல்லோடு வருபவை

"இருவரும் ஒருவர் பெயரில் ஒருவர் உயில் எழுதிக்கொள்ளலாமே, கல்யாணப் பதிவு எதற்கு?" என்பது அடிக்கடி கேட்கும் கேள்வி. நியாயமான கேள்வியும்கூட. உயில் தீர்க்கும் சிக்கல்கள் உண்டு. ஆனால் பட்டியல் நீளம்:

1. சொத்து. உயில் எழுதாமல் ஓர் இந்து ஆண் இறந்து, மனைவி மக்கள் இல்லை என்றால், சொத்து தாய்க்குப் போகும்; தாய் இல்லாவிட்டால் தகப்பனுக்கு, அப்புறம் உடன்பிறந்தவர்களுக்கு. இருபது வருடம் கூட இருந்த இணைக்கு அந்த வரிசையில் இடமே இல்லை. உயில் இருந்தாலும் ரத்த உறவுகள் அதை எதிர்த்து வழக்குப் போடலாம். இஸ்லாமியத் தனிச்சட்டப்படி, வாரிசுகளின் சம்மதம் இல்லாமல் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலால் பிறருக்குத் தர முடியாது.

2. ஆயுள் காப்பீடு. நாமினியாக யாரை வேண்டுமானாலும் போடலாம் என்று ஏஜென்ட் சொல்வார். சரிதான். ஆனால் காப்பீட்டுச் சட்டத்தின் 39ஆவது பிரிவின்படி, நாமினி பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளை என்றால்தான் பணம் அவருக்கே சொந்தம். மற்றவர்கள் பணத்தை வாங்கிச் சட்டப்படியான வாரிசுகளிடம் தர வேண்டியவர்கள்.

3. பி.எஃப். பணம். திட்டத்தின் விதிப்படி "குடும்பம்" உள்ளவர் குடும்பத்துக்கு வெளியே நாமினி போட்டால் அது செல்லாது. உங்களை நம்பிப் பெற்றோர் இருந்தால், விதியின் கண்ணில் உங்களுக்குக் குடும்பம் இருக்கிறது. இணையின் பெயரை எழுதிப் பயனில்லை.

4. வருமான வரி. உறவினர் அல்லாதவரிடமிருந்து ஆண்டுக்கு 50,000 ரூபாய்க்கு மேல் பரிசாக வந்தால் அது வருமானமாகக் கணக்கிடப்படும். கணவன் மனைவிக்குத் தந்தால் வரி கிடையாது.

5. தத்து. தனி ஆளாகத் தத்தெடுக்கலாம். ஜோடியாக எடுக்க, குறைந்தது இரண்டு ஆண்டு நிலையான திருமண உறவு வேண்டும் என்கிறது 2022ஆம் ஆண்டின் தத்தெடுப்பு விதி. ஆகவே இருவரில் ஒருவர்தான் பெற்றவர் ஸ்தானத்தில் இருக்க முடியும். அவர் இறந்துபோனால், கூடவே இருந்து வளர்த்த மற்றவர் அந்தக் குழந்தைக்குச் சட்டப்படி அந்நியர்.

6. பிரிவு. கல்யாணம் என்றால் முறிவுக்கும் ஒழுங்கு உண்டு: ஜீவனாம்சம், குழந்தை யாரிடம் என்ற முடிவு, நீதிமன்ற மேற்பார்வை. பதிவில்லாத உறவில் பலவீனமானவர் வெறுங்கையோடு வெளியேறுவார். இந்தக் கோரிக்கையை ஆதரிப்பவர்கள்கூட இதை அதிகம் பேசுவதில்லை. விவாகரத்தைச் சொல்லிக் கல்யாணம் கேட்பது சங்கடமாக இருக்கும் போல.

ஏன் சிறப்புத் திருமணச் சட்டம்?

இந்தியாவில் கல்யாணச் சட்டம் மதத்துக்கு ஒன்று. அந்தத் தனிச்சட்டங்களைத் தொட்டால் வழக்கு மதப் பிரச்சினையாகிவிடும். 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் மதம் கேட்காது; கலப்பு மணத்துக்கான பொதுவான வழி அது. அதன் 4ஆவது பிரிவு "எந்த இரு நபர்களுக்கும் இடையே" என்றுதான் தொடங்குகிறது. மனுதாரர்கள் பிடித்துக்கொண்ட நூல்முனை அதுதான்.

இடைஞ்சல் அடுத்த வரிகளில் இருக்கிறது. அதே பிரிவு, ஆணுக்கு 21 வயது, பெண்ணுக்கு 18 வயது என்கிறது. விவாகரத்துக்கு மனைவிக்கு மட்டும் சில கூடுதல் காரணங்கள், மனைவிக்கு மட்டும் ஜீவனாம்சம் என்று உள்ளேயும் ஆண் பெண் வேறுபாடு ஓடுகிறது. போதாக்குறைக்கு 21, 21-ஏ பிரிவுகள் வழியாக வாரிசுரிமைச் சட்டங்களோடு பின்னிப் பிணைந்திருக்கிறது. இரண்டு வார்த்தையை மாற்றி வாசித்தால் போதும் என்பது மனுதாரர்கள் வாதம். சுமார் 160 சட்டப் பிரிவுகள் குழம்பும் என்பது மத்திய அரசின் சொலிசிட்டர் ஜெனரல் துஷார் மேத்தாவின் பதில்.

ஹைதராபாத்தைச் சேர்ந்த ஓர் ஆண் இணையரும் இன்னொரு இணையரும் 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் போனார்கள். முதல் மனுதாரரின் பெயரால் இது "சுப்ரியோ வழக்கு" ஆனது. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றங்களில் இருந்த மனுக்களும் இதோடு சேர, ஏப்ரல் 18 முதல் மே 11 வரை பத்து நாள் விசாரணை நடந்தது.

எதிர்ப்பின் அடிநாதம் இரண்டு. ஒன்று, இதை முடிவு செய்ய வேண்டியது நாடாளுமன்றம், நீதிமன்றம் அல்ல. இதில் கனம் இருக்கிறது. இன்னொன்று, இது நகர்ப்புற மேட்டுக்குடியின் ஆசை என்பது. இதில் கனம் இல்லை. தலைமை நீதிபதி சந்திரசூட் தன் தீர்ப்பிலேயே இதை மறுத்தார். தமிழ்நாட்டிலிருந்து எழுந்த வழக்குகளைப் பார்த்தாலே போதும். அவை தூத்துக்குடியிலும் மதுரையிலும் வேலூரிலும் தொடங்கியவை.

ஐந்து நீதிபதிகள், நான்கு தீர்ப்புரைகள்

2023 அக்டோபர் 17 அன்று வந்த தீர்ப்பை "3க்கு 2" என்று எழுதியவர்களும் உண்டு, "ஒருமனதாக" என்று எழுதியவர்களும் உண்டு. இரண்டும் பாதி சரி.

ஐவரும் ஒத்துப்போனவை:

1. திருமணம் செய்துகொள்வது அரசியல் சாசனம் தரும் அடிப்படை உரிமை அல்ல.
2. சிறப்புத் திருமணச் சட்டத்தில் ஆண் பெண் என்ற சொற்களை நீதிமன்றம் மாற்றி வாசிக்க முடியாது.
3. ஆண் பெண் உறவில் இருக்கும் திருநங்கை, திருநம்பி இப்போதுள்ள சட்டங்களின்படியே மணக்கலாம்.

மூன்றாவது விஷயத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை முந்திக்கொண்டது. தூத்துக்குடியில் கோயிலில் மணந்த ஓர் ஆணுக்கும் திருநங்கைக்கும் பதிவு மறுக்கப்பட்ட வழக்கில், இந்துத் திருமணச் சட்டத்தின் "மணமகள்" என்ற சொல்லில் திருநங்கையும் அடங்குவார் என்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தார்.

ஐவரும் பிரிந்த இடம் வேறு. கல்யாணம் என்று பெயர் வைக்காமல், அந்த உறவுக்கு ஏதாவது ஒரு சட்ட அங்கீகாரம் தர அரசு கடமைப்பட்டதா? ஆம் என்றனர் சந்திரசூட்டும் எஸ்.கே. கவுலும். இல்லை என்றனர் ரவீந்திர பட், ஹிமா கோலி, பி.எஸ். நரசிம்மா. பட் எழுதியதன் சாரம் இது: துணையைத் தேர்ந்தெடுத்துச் சேர்ந்து வாழும் சுதந்திரம் எல்லோருக்கும் உண்டு, ஆனால் அந்த வாழ்வுக்கு ஒரு சட்ட அந்தஸ்தை உருவாக்கிக் கொடு என்று அரசைக் கட்டாயப்படுத்தும் உரிமை அதிலிருந்து பிறக்காது. தத்தெடுப்பு விதியும் இதே 3க்கு 2 கணக்கில் தப்பியது.

முதல் பத்தியில் சொன்ன இரண்டு செய்திகளும் முரண்படாததற்குக் காரணம் இதுதான். சேர்ந்து வாழும் சுதந்திரத்தில் சுப்ரியோ தீர்ப்பு கைவைக்கவில்லை. 2025 மேயில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த இடத்தில் கால் ஊன்றித்தான் பேசியது. பெற்றோர் பிடியில் இருந்த 25 வயதுப் பெண்ணை, அவர் இணையின் ஆட்கொணர்வு மனுவில் விடுவித்த தீர்ப்பு அது. எழுதிய இருவரில் ஒருவர், அதே ஜி.ஆர். சுவாமிநாதன்.

1928லிருந்து 1967 வரை

நீதிமன்றம் மறுத்த கல்யாணத்தைச் சட்டமன்றம் ஏற்ற கதை தமிழ்நாட்டில் ஏற்கெனவே ஒருமுறை நடந்திருக்கிறது. இந்த விவாதத்தில் அது போதுமான அளவு நினைவுகூரப்படவில்லை என்பது என் எண்ணம்.

1928இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் நடந்ததை முதல் சுயமரியாதைத் திருமணம் என்பார்கள். புரோகிதர் இல்லை, ஓமம் இல்லை. அடுத்த நாற்பது ஆண்டுகளில் பல்லாயிரம் பேர் அப்படி மணந்தார்கள். சமூகம் அவர்களைக் கணவன் மனைவி என்றே அழைத்தது. சட்டம் அழைக்கவில்லை. 1950களின் தொடக்கத்தில் தெய்வானை ஆச்சி வழக்கில், சாஸ்திரச் சடங்கும் இல்லை, பரம்பரை வழக்கமும் இல்லை என்பதால் இத்தகைய திருமணம் செல்லாது என்றது சென்னை உயர் நீதிமன்றம். சொத்துத் தகராறு வந்தால் மனைவி மனைவி இல்லை, பிள்ளைகள் வாரிசு இல்லை என்ற நிலை.

முடிச்சை அவிழ்த்தது சட்டமன்றம். அண்ணா முதல்வரானதும், 1967ஆம் ஆண்டின் 21ஆவது சட்டத்தால் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. உறவினர், நண்பர் முன்னிலையில் ஒருவரை ஒருவர் ஏற்பதாகப் புரியும் மொழியில் சொல்லி, மாலையோ மோதிரமோ மாற்றினாலோ தாலி கட்டினாலோ போதும். அதைவிட முக்கியம், அதற்கு முன் நடந்தவையும் செல்லும் என்று பின்தேதியிட்டு ஏற்றது.

இதிலிருந்து இன்றைய கோரிக்கைக்குப் பொருந்துவது இரண்டு, பொருந்தாதது ஒன்று.

1. திருமணம் அரசியல் சாசனத்தின் பொதுப்பட்டியலில், அதாவது மத்திய அரசும் மாநிலங்களும் சட்டம் இயற்றக்கூடிய பட்டியலில், இருக்கிறது. மத்தியச் சட்டத்தை ஒரு மாநிலம் தன் எல்லைக்குள் திருத்தலாம், குடியரசுத் தலைவர் ஒப்புதல் வேண்டும். 7-ஏ அப்படி வந்ததுதான். "நாடாளுமன்றம்தான் செய்ய வேண்டும்" என்பது ஆகவே முழு உண்மை இல்லை.
2. சட்டம் வரும்வரை மக்கள் காத்திருக்கவில்லை. நடைமுறை முந்தி வந்தது, சட்டம் மூச்சிரைக்கப் பின்னால் வந்தது.
3. ஆனால் சுயமரியாதைத் திருமணத்துக்குப் பின்னால் ஒரு பெரும் இயக்கம் இருந்தது, அதிலிருந்து பிறந்த கட்சி ஆட்சியைப் பிடித்தது. தன்பாலீர்ப்பாளருக்கு அந்த வாக்கு வலு இல்லை. சிறப்புத் திருமணச் சட்டத்தைத் திருத்தக் கோரி தேசியவாத காங்கிரஸ் எம்.பி. சுப்ரியா சுலே 2022 ஏப்ரலில் மக்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார், நகரவில்லை. 2023இல் மத்திய அரசு மாநிலங்களின் கருத்தைக் கேட்டபோது பதில் எழுதியவை ஏழு. ராஜஸ்தான், ஆந்திரம், அசாம் எதிர்த்தன. மற்ற நான்கும் அவகாசம் கேட்டன. அந்த ஏழில் தமிழ்நாடு இல்லை.

பிற நாடுகள் எந்த வழியில் போயின?

நீதிமன்றம், சட்டமன்றம், பொதுவாக்கெடுப்பு என மூன்று வழி உண்டு. அமெரிக்கா 2015இல் முதல் வழி. அயர்லாந்து அதே ஆண்டு மூன்றாவது வழி, 62 சதவீதம் ஆதரவு. தாய்லாந்து இரண்டாவது வழி: "ஆணும் பெண்ணும்" என்பதை "இரு நபர்கள்" என்று மாற்றும் மசோதா கீழவையில் 400க்கு 10 என்று நிறைவேறி, 2025 ஜனவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது.

மூன்றையும் ஒரே நேரத்தில் பட்டது தைவான். இரண்டு ஆண்டுக்குள் சட்டம் கொண்டுவா என்று 2017இல் நீதிமன்றம் கெடு வைத்தது. 2018 வாக்கெடுப்பில், உரிமையியல் சட்டத்தின் திருமணம் ஆண் பெண்ணுக்கு மட்டும் இருக்கட்டும் என்று மக்கள் வாக்களித்தார்கள். அரசு இரண்டுக்கும் நடுவே புகுந்து, 2019 மேயில் தனிச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. அதன் தலைப்பில் திருமணம் என்ற சொல்லே கிடையாது; நீதிமன்றத்தின் 748ஆம் எண் விளக்கத்தை நடைமுறைப்படுத்தும் சட்டம் என்று மட்டும் இருக்கும். தத்தெடுப்பில் சம உரிமை 2023இல்தான் வந்தது.

சிங்கப்பூர் இதற்கு நேர் எதிர். 2022 நவம்பரில் தன் 377-ஏ பிரிவை நீக்கிய அதே நாளில், திருமணத்தின் வரையறையை நீதிமன்றத்தில் எதிர்க்க முடியாதபடி அரசியல் சாசனத் திருத்தத்தையும் நிறைவேற்றியது. முதல் படியைத் திறந்து, மூன்றாம் படிக்கு நாடாளுமன்றத்தின் பூட்டு. குற்றநீக்கம் தானாகத் திருமணத்தில் போய் முடியும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்தியாவில் இப்போது

தீர்ப்பின்போது மத்திய அரசு கொடுத்த வாக்குப்படி, அமைச்சரவைச் செயலர் தலைமையில் குழு 2024 ஏப்ரலில் அமைந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பரில் சில அறிவிப்புகள் வந்தன: கூட்டு வங்கிக் கணக்குக்குத் தடையில்லை, இணையை நாமினியாகப் போடலாம், ரேஷன் அட்டையில் ஒரே வீட்டாராகக் கருதலாம், நெருங்கிய உறவினர் இல்லாதபோது உடலைப் பெற இணை கோரலாம். இவற்றில் பெரும்பாலானவை ஏற்கெனவே தடை இல்லாதவை. வங்கி நாமினி என்பவர் பணத்தின் சொந்தக்காரர் இல்லை, வாரிசுகளுக்காக வாங்கி வைப்பவர் என்பதும் பழைய சட்டம்தான். கடைசி அறிவிப்பில் உள்ள "உறவினர் இல்லாதபோது" என்ற நிபந்தனையை ஒருமுறை மெதுவாகப் படித்துப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் கதை வேறு தடத்தில் ஓடுகிறது. மதுரையிலிருந்து சென்னை வந்த இரு பெண்களின் சுஷ்மா வழக்கில், நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தனக்கே இதில் புரிதல் போதவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு, 2021 ஜூனில் "குணப்படுத்தும்" சிகிச்சைகளுக்குத் தடை விதித்தார். காவலர் நடத்தை விதிகள் திருத்தப்பட்டதும், மரியாதையான சொற்களின் பட்டியல் 2022இல் அரசிதழில் வந்ததும் அதே வழக்கின் தொடர்ச்சி. 2023 நவம்பரில், சுப்ரியோ தீர்ப்பு வந்த மறுமாதம், அதே நீதிபதி இன்னொரு யோசனையை அரசின் முன் வைத்தார்: இருவர் குடும்பமாக வாழ்வதை ஓர் ஒப்பந்தப் பத்திரமாக எழுதி, அரசு அதைப் பதிவு செய்து அங்கீகரிக்கும் ஏற்பாடு. 2025 மே தீர்ப்பும் இதை நினைவூட்டியது. இது கல்யாணம் ஆகாது, வாரிசுரிமையும் தராது. ஆனால் வீட்டுக்காரர் முன்னும் போலீஸ் முன்னும் மருத்துவமனையிலும் காட்ட ஒரு காகிதம் கையில் இருக்கும்.

சீராய்வு மனுக்கள் தள்ளுபடியானபின், பெரிய கதவைத் தட்டுவதை விட்டுச் சட்டங்களை ஒவ்வொன்றாகப் பிடிக்கும் உத்தி தலையெடுத்திருக்கிறது. பம்பாய் உயர் நீதிமன்றத்தில் 2025 ஆகஸ்டில் ஓர் ஆண் இணையரின் மனு மீது மத்திய அரசின் தலைமை வழக்கறிஞருக்கு நோட்டீஸ் போனது. அவர்கள் கேட்பது திருமணப் பதிவு அல்ல. மேலே நாலாவதாகச் சொன்னோமே, அந்தப் பரிசு வரி விலக்கில் உள்ள "கணவன் அல்லது மனைவி" என்ற சொல்லுக்குள் தங்களுக்கும் இடம் வேண்டும் என்பதுதான்.